ராத்திரி எட்டு மணிக்கு மேல் திரும்பிப் போகும் மெயில்கள்

வாசகர் கேள்வி: மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஈரோட்டில் இருக்கிறேன். மூன்று வருடமாக வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டு, குடும்பத்துக்கென்று சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறேன். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட், ஸ்பாமைப் பிடிக்கும் ஸ்பாம் அசாசின் மூன்றும் அதில் ஓடுகின்றன. பிராட்பேண்டில் நிலையான ஐபி வாங்கியிருக்கிறேன். சில மாதங்களாக நிம்மதி இல்லை. கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்கிற மெயில்கள் நேராக இன்பாக்ஸுக்கு வருகின்றன. மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் அக்கா தமிழில் எழுதும் கடிதங்கள் ஸ்பாம் பெட்டிக்குப் போகின்றன. பேத்தியின் கல்லூரியிலிருந்து அனுப்பிய மெயில் அவர்களுக்கே திரும்பிப் போய்விட்டது. ஸ்பாம் என்று முடிவு செய்யும் புள்ளி வரம்பை 5-லிருந்து 3 ஆகக் குறைத்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேல் ஸ்பாம் மெயில்களைக் கொடுத்துக் கற்றும் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. போதாக்குறைக்கு, என் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது. கிரேலிஸ்டிங் போட்டால் சரியாகுமா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா? சர்வர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் கோப்பையும், சில மெயில்களின் தலைப்புத் தகவலான ஹெடரையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, வணக்கம். எதையும் அழிக்க வேண்டாம். லாக்கையும் ஹெடரையும் சேர்த்து அனுப்பியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பத்துப் பேர் எழுதினால் ஒன்பது பேர் "ஸ்பாம் ஃபில்டர் சரியில்லை" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க நீங்கள் அனுப்பிய கோப்புகளிலேயே இருக்கிறது.

முதல் வேலையாக அந்த வரம்பைத் திரும்ப 5-க்குக் கொண்டுபோங்கள். ஸ்பாம் அசாசினில் நூற்றுக்கணக்கான விதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று அவர்கள் கணக்குப் போட்டதே, 5-ஐத் தாண்டினால் ஸ்பாம் என்ற அடிப்படையில்தான். நீங்கள் 3 ஆக்கினால் அந்தக் கணக்கு மொத்தமும் கோணிவிடும். மின்வாரியக்காரரிடம் நான் இதைச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் சொல்கிறேன்: ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஒரு வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட்டிருந்தால், கம்பியின் கனத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்களா? எந்த லைனில் கோளாறு என்றுதானே முதலில் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, இதைப் படித்து முடித்தவுடன் போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்ற அமைப்பை 'எஸ்' (yes) என்று வையுங்கள். மெயிலை மறுக்கும்போது உங்கள் சர்வர் 5-இல் தொடங்கும் எண் கொடுத்தால் 'முடியவே முடியாது' என்று பொருள். 4-இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, அப்புறம் வா'. சாஃப்ட் பவுன்ஸ் போட்டால் எல்லா மறுப்பும் 4 ஆகிவிடும். ஒழுங்கான சர்வர்கள் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும் என்பதால், நீங்கள் பழுது பார்க்கும் சமயத்தில் நல்ல மெயில் எதுவும் தொலையாது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எனக்கு ஒரு தடவை மறந்துபோய், ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதுவரை ஊரில் உள்ள ஸ்பாம்காரர்கள் எல்லாம் என் வாசலில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்தக் கல்லூரி மெயில். இது ஸ்பாம் அசாசினைத் தொடவே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய 15 நாள் லாக்கில் இப்படி 23 மறுப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 554 என்ற எண், ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் 'ஜென்' பட்டியல் தடுத்தது என்ற குறிப்பு, கடைசியில் ஒரு சின்னத் துணுக்கு: 'எரர், ஓப்பன் ரிசால்வர்'. அந்தக் கடைசித் துணுக்கைத்தான் யாரும் படிப்பதில்லை. 'தடுக்கப்பட்டது' என்ற சொல் கண்ணில் பட்டதும், கல்லூரியின் சர்வர் ஏதோ கறுப்புப் பட்டியலில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. அந்த 23 மறுப்புகளும் ராத்திரி எட்டு மணிக்கு மேல், பதினொன்றுக்குள். பகலில் ஒன்றுகூட இல்லை. அதே கல்லூரியிலிருந்து ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வந்த மெயில் சமர்த்தாக உள்ளே வந்திருக்கிறது. கறுப்புப் பட்டியலில் இருக்கும் சர்வர் பகலில் நல்லதாகவும் ராத்திரியில் கெட்டதாகவும் இருக்காது இல்லையா?

இந்தப் பட்டியல்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் புதிர் விடுபட்டுவிடும். ஒரு சர்வர் மெயில் கொண்டுவந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் அதன் ஐபியைத் தலைகீழாகத் திருப்பி, ஸ்பாம்ஹாஸின் பெயருக்கு முன்னால் ஒட்டி, பெயர்களுக்கு ஐபி எண் சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் "இப்படி ஒரு முகவரி இருக்கிறதா?" என்று கேட்கும். 'இல்லை' என்று வந்தால் அந்த ஆள் பட்டியலில் இல்லை. 127.0.0.2, 127.0.0.4 என்பது போல ஏதாவது வந்தால் பட்டியலில் இருக்கிறார். எந்த எண் என்பதை வைத்து எந்த வகைக் குற்றம் என்றும் தெரியும். உதாரணமாக 10, 11 இரண்டும் வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கப்படும் முகவரிகளைக் குறிப்பவை.

ஸ்பாம்ஹாஸ் இந்தச் சேவையைச் சிறிய, வணிகமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால் கேட்பது யார் என்று அதற்குத் தெரிய வேண்டும். கூகிளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ஸில் கேட்டுச் சொல்லும் சர்வர்) வழியாகக் கேட்டால், உலகத்தில் பாதிப் பேர் அதே முகத்தோடு போய் நிற்பதால், அது பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லாது. 127.255.255.254 என்று ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். 'நீ பொது ரிசால்வர் வழியாக வருகிறாய், உனக்குப் பதில் கிடையாது' என்பதுதான் அதன் பொருள். இங்கேதான் கோளாறு. உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் எண்ணைப் பார்ப்பதில்லை, பதில் ஏதாவது வந்ததா என்று மட்டுமே பார்க்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இவர் திருடரா?" என்று கேட்கிறோம். உள்ளேயிருந்து, "இந்த நேரத்தில் வந்து தட்டாதீர்கள்" என்று குரல் வருகிறது. குரல் வந்துவிட்டதே, ஆள் திருடர்தான் என்று முடிவு கட்டுகிறோம். உங்கள் சர்வர் செய்வது அச்சாக இதுதான்.

ராத்திரி மட்டும் ஏன்? நீங்கள் இணைத்திருக்கும் டிஎன்எஸ் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி இருக்கிறது. முதல் வரியில் உங்கள் ரவுட்டர், இரண்டாவதில் 8.8.8.8. முதலாவது ஐந்து விநாடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால்தான் லினக்ஸ் இரண்டாவதைக் கேட்கும். பகலில் ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தெருவே படம் பார்க்க உட்காரும்போது இணைப்பு திணறுகிறது, ஐந்து விநாடி கடந்துபோகிறது, கேள்வி 8.8.8.8-க்குத் தாவுகிறது, அங்கிருந்து அந்த 254 வருகிறது. நெட் மெதுவாக இருக்கிறதே என்று நீங்கள்தான் எப்போதோ அந்த இரண்டாவது வரியைச் சேர்த்திருப்பீர்கள். நல்ல எண்ணத்தில்தான். வீட்டில் சினிமா பார்க்க அது சரியான வைத்தியமும்கூட. மெயில் சர்வருக்கு மட்டும்தான் ஆகாது.

தீர்வு, சர்வரிலேயே சொந்தமாக ஒரு டிஎன்எஸ் ரிசால்வர் வைத்துக்கொள்வது. 'அன்பவுண்ட்' என்ற தொகுப்பை நிறுவுங்கள். டெபியனில் நிறுவியவுடனே அது யாரிடமும் கைமாற்றாமல், மூல டிஎன்எஸ் சர்வர்களிடம் நேராகப் போய்க் கேட்கத் தொடங்கிவிடும். நீங்கள் அதில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. முக்கியமாக, 'ஃபார்வர்ட்' என்று தொடங்கும் எந்தப் பகுதியையும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். பிறகு டிஎன்எஸ் கோப்பில் 127.0.0.1 என்று ஒரே ஒரு வரி. மாற்றுக்கு இருக்கட்டுமே என்று 8.8.8.8-ஐக் கீழே விட்டுவைக்கக் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். விடாதீர்கள். ரிசால்வர் படுத்துக்கொண்டு பதிலே வராமல் போனாலும் போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு மெயிலை உள்ளே விட்டுவிடும். பதில் வராததைவிடத் தப்பான பதில் வருவதுதான் ஆபத்து.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் தனி அறைக்குள் பூட்டிவைத்தது போல ஓடும். அந்த அறைக்குள் டிஎன்எஸ் கோப்பின் ஒரு நகல் இருக்கும். நீங்கள் வெளியில் உள்ள கோப்பை மாற்றினால் உள்ளே இருக்கும் நகல் தானாக மாறாது. போஸ்ட்ஃபிக்ஸை முழுதாக நிறுத்தித் தொடங்கினால்தான் புதிய நகல் உள்ளே போகும். "எல்லாம் மாற்றிவிட்டேன், அப்படியே இருக்கிறது" என்று எனக்கு வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்ந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளையில் 2.0.0.127 என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, ஸ்பாம்ஹாஸ் ஜென் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள். சோதனைக்கென்றே வைத்திருக்கும் முகவரி அது. 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று பதில் வந்தால் சரி. 127.255.255 என்று தொடங்கினால் இன்னும் ஏதோ பொது ரிசால்வர் இடையில் இருக்கிறது. அப்புறம் 1.0.0.127 என்று மாற்றிக் கேளுங்கள். இதற்கு 'இல்லை' என்று வர வேண்டும். சில இணைப்புகளில் நீங்கள் எங்கே கேட்டாலும் டிஎன்எஸ் கேள்வியை வழியிலேயே மறித்துத் தங்கள் ரிசால்வருக்குத் திருப்பிவிடுவார்கள். அன்பவுண்ட் போட்டும் சோதனை தோற்றால் அதுதான் காரணமாக இருக்கும். அப்போது ஸ்பாம்ஹாஸிடம் பதிவு செய்து உங்களுக்கென்று ஒரு சாவி வாங்கி, அந்தச் சாவியோடு கேட்கும் முறைக்கு மாறிக்கொள்ளலாம். சிறிய பயனாளர்களுக்கு அதுவும் இலவசம்தான்.

இதோடு நிற்காமல் போஸ்ட்ஃபிக்ஸிலும் ஒரு திருத்தம் செய்துவிடுங்கள். பட்டியலின் பெயரை மட்டும் எழுதாமல், அதன் பின்னால் சமக்குறி போட்டு, 127.0.0.[2..11] என்று சேர்த்தால், அந்த எண்களில் ஒன்று வந்தால் மட்டுமே மறுக்கும். 254 வந்தால் கண்டுகொள்ளாது. நாளைக்கு வேறு யாராவது டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் பேத்தியின் கல்லூரி மெயில் தப்பிக்கும்.

அந்த வரிக்குக் கீழே இன்னும் ஐந்து பட்டியல்கள் வைத்திருக்கிறீர்கள். பழைய வழிகாட்டி ஒன்றிலிருந்து எடுத்தது போலத் தெரிகிறது. அதில் 'சார்ப்ஸ்' 2024 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது. செத்துப்போன பட்டியலை விட்டுவைப்பது சும்மா இருக்கும் குப்பை என்று நினைக்க வேண்டாம். 'ஓஆர்டிபி' என்று ஒன்று இருந்தது. 2006 டிசம்பரில் கடையை மூடினார்கள். மூடிய பிறகும் சர்வர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2008 மார்ச்சில் ஒரு நாள், கேட்ட எல்லா முகவரிக்கும் 'ஆம், பட்டியலில் இருக்கிறது' என்று பதில் சொல்லத் தொடங்கினார்கள். அந்த வரியை எடுக்க மறந்திருந்த சர்வர்கள் அன்றைக்கு வந்த மெயில் அத்தனையையும் திருப்பி அனுப்பின. வீட்டுச் சர்வருக்கு ஜென் ஒன்று போதும். மற்ற ஐந்தையும் எடுத்துவிடுங்கள்.

அக்காவின் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஹெடர் இதுதான். மொத்தப் புள்ளி 3.4. அதில் 2.8 ஒரே விதியிலிருந்து வந்திருக்கிறது. அந்த விதியின் பெயரைத் தமிழில் சொன்னால், 'உள்ளே வேண்டாத மொழி'. அதாவது உங்கள் அக்கா தமிழில் எழுதியதுதான் குற்றம்! மீதி 0.6, கடிதம் வெறும் எச்டிஎம்எல்லாக வந்தது முதலான சில்லறைகள். வரம்பு 5 ஆக இருந்திருந்தால் இதைத் தாண்டி இன்பாக்ஸுக்கு வந்திருக்கும். 3 ஆக்கியதும் மாட்டிக்கொண்டது. நிறையக் கடன் மெயில்கள் அதே 3-க்குக் கீழே நழுவி வந்துவிட, அக்கா மட்டும் பிடிபட்டிருக்கிறார்.

ஸ்பாம் அசாசினில் 'டெக்ஸ்ட்கேட்' என்று ஒரு கூடுதல் செருகு (பிளகின்) இருக்கிறது. மெயில் எந்த மொழியில் இருக்கிறது என்று எழுத்துச் சேர்க்கைகளை வைத்து ஊகிக்கும். நீங்கள் ஏற்றுக்கொள்ளும் மொழிகள் என்று கொடுத்த பட்டியலில் அந்த மொழி இல்லை என்றால் புள்ளி போடும். இது இயல்பாக அணைந்தே இருக்கும். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டுக்காக எழுதிய அமைப்பை அப்படியே எடுத்துப் போட்டதில் உங்களுக்கு இது உயிர் பெற்றிருக்கிறது. ஏற்கும் மொழி என்று அதில் 'ஆங்கிலம்' மட்டும் இருக்கிறது. அவருக்கு அது சரி. நம் வீட்டில் அக்கா தமிழில் எழுதுவார், வங்கி ஆங்கிலத்தில் எழுதும், தம்பி மகன் "எப்படி இருக்கீங்க" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவான்.

அந்த மொழிப் பட்டியலில் தமிழையும் சேர்க்கலாம், அதற்குக் குறியீடு உண்டு. ஆனால் நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன், செருகையே அணைத்துவிடச் சொல்வேன். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழைப் பார்த்தால் இந்த ஊகிப்பு குழம்பிப்போய் வேறு ஏதாவது மொழியின் பெயரைச் சொல்லும். சின்னச் சின்ன மெயில்களிலும் அதை நம்ப முடியாது. தமிழ்க் குடும்பத்தின் சர்வரில் மொழியை வைத்து ஸ்பாம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நமக்கு வரும் ஸ்பாமில் பெரும்பகுதி நல்ல ஆங்கிலத்தில்தான் வருகிறது. நீங்கள் 3 வரிசையில் உள்ள பழைய பதிப்பை ஓட்டுகிறீர்கள் என்று ஹெடர் சொல்கிறது. 2022 டிசம்பரில் 4.0 வந்தபோது ஆங்கிலமல்லாத மொழிகளின் எழுத்தைக் கையாள்வதில் நிறையச் சரிசெய்தார்கள். டெபியனைப் புதுப்பிக்க இதுவும் ஒரு காரணம். அவசரம் இல்லை, இந்தக் கோளாறுகள் தீர்ந்த பிறகு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதனால் மாறியது என்றே தெரியாமல் போகும்.

விதிகள் தப்பே செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2010 ஜனவரி 1-ஆம் தேதி காலையில் இந்த ஸ்பாம் அசாசினே உலகம் முழுக்க நல்ல மெயில்களுக்கு மூன்று புள்ளிக்கு மேல் போட ஆரம்பித்தது. 'தேதி நெடுந்தூர எதிர்காலத்தில் இருக்கிறது' என்று பார்க்கும் ஒரு விதியில், 2010-க்கு மேல் எல்லாமே நெடுந்தூரம் என்று எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். புத்தாண்டு வாழ்த்துகள் ஸ்பாம் பெட்டிக்குப் போயின. அன்றைக்கே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் விதிகளைப் புதுப்பிக்கும் வேலையை ஓடவிட்டிருந்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. உங்கள் சர்வரிலும் அந்தத் தினசரிப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

அடுத்தது மிரட்டல் மெயில். பயப்படாதீர்கள், உங்கள் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. 'உன் கம்ப்யூட்டரைப் பிடித்துவிட்டேன், ஆதாரமாக உன் முகவரியிலிருந்தே அனுப்புகிறேன்' என்ற இந்த வகைக் கடிதம் பல வருடமாகச் சுற்றுகிறது. அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயரையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். தபால் உறையின் மூலையில் ஆட்சியர் பெயரை எழுதினால் தபால்காரர் போய்ச் சரிபார்ப்பாரா என்ன? ஹெடரில் இது வந்த ஐபி உங்களுடையது அல்ல, லாகின் செய்த தடமும் இல்லை.

ஆனால் இது இன்பாக்ஸுக்கு வந்ததற்கு நீங்கள்தான் காரணம். விதிகள் இதைச் சரியாகப் பிடித்து 6.4 புள்ளி போட்டிருக்கின்றன. கடைசியில் 'வெள்ளைப் பட்டியலில் இருப்பவர்' என்று 100 கழிந்து, மொத்தம் கழித்தல் 93.6 ஆகிவிட்டது. வீட்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் எழுதுவது மாட்டக் கூடாது என்று உங்கள் டொமைன் முழுவதையும் வெள்ளைப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். அந்த வகைப் பட்டியல் எழுதியிருக்கும் பெயரை மட்டுமே பார்க்கும், ஆள் நிஜமா என்று பார்க்காது. அந்த வரியை இன்றைக்கே எடுங்கள். வீட்டு ஆட்கள் லாகின் செய்து அனுப்பும் மெயிலை ஸ்பாம் அசாசின் வழியாக விடவே தேவையில்லை. கூடவே, உங்கள் டொமைன் பெயரை உறையில் போட்டுக்கொண்டு, லாகின் இல்லாமல் வெளியிலிருந்து வருபவற்றைப் போஸ்ட்ஃபிக்ஸிலேயே மறுக்கும்படி செய்துவிடலாம். வங்கி போன்ற வெளியாட்களை வெள்ளைப் பட்டியலில் வைக்க வேண்டுமென்றால், அனுப்புநர் நிஜமா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சோதனையில் தேறினால் மட்டும் சலுகை தரும் 'ஆத்' வகை ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆயிரம் ஸ்பாம் கொடுத்தும் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? நீங்கள் பாடம் எடுத்தது வேறொரு பையனுக்கு. கற்றுக்கொடுக்கும் கட்டளையை 'சூடோ' போட்டு ரூட்டாக, அதாவது சர்வரின் நிர்வாகியாக, ஓட்டியிருக்கிறீர்கள். அந்தப் பாடமெல்லாம் ரூட்டின் வீட்டு அடைவில் பத்திரமாக இருக்கிறது. மெயிலைச் சோதிப்பதோ 'டெபியன்-ஸ்பாம்டி' என்ற பயனர். அவருக்கு வேறு வீடு, வேறு நோட்டு. என் சொந்த சர்வரில் நானும் மூன்று வாரம் இப்படி ரூட்டுக்கு டியூஷன் எடுத்திருக்கிறேன். ஸ்பாம் குறைந்தது போலக்கூட எனக்குத் தோன்றியது!

அந்தப் பயனராக மாறி, கற்ற கணக்கைக் காட்டும் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஸ்பாம் எத்தனை, நல்ல மெயில் எத்தனை என்று இரண்டு எண் வரும். இரண்டும் தலா 200-ஐத் தொட்டால்தான், கற்றதை வைத்துப் புள்ளி போடும் பேய்ஸ் பகுதி வாயைத் திறக்கும். உங்கள் ஹெடர்கள் எதிலும் பேய்ஸ் என்ற பெயரே இல்லை, அதனால் இன்னும் திறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் ஸ்பாமை மட்டும்தான் கொடுத்திருக்கிறீர்கள். சரியான பயனராகவே கொடுத்திருந்தாலும் நல்ல மெயில் பூஜ்யம் என்பதால் வேலை செய்திருக்காது. கரண்ட் பில் ரசீது, வங்கி அறிக்கை, அக்கா கடிதம், ரயில் டிக்கெட், கல்லூரிச் சுற்றறிக்கை என்று நிஜமாகவே நீங்கள் படித்த மெயில்களாக முந்நூறு எடுத்துக் கொடுங்கள். அந்தப் பயனருக்கு உங்கள் மெயில் பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி இருக்காது. ஒரு தற்காலிக அடைவில் நகலெடுத்து, அவருக்கு உரிமை கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். சுலபம் என்று ரூட்டாகவே ஓட்டி, நோட்டு இருக்கும் இடத்தை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டாம். நோட்டு ரூட்டின் பெயருக்கு மாறிவிட்டால் அந்தப் பயனரால் அதைத் திறக்கக்கூட முடியாது.

பேய்ஸ் விழித்துக்கொண்டால், ஸ்பாம்தான் என்று அதற்கு உறுதியாகத் தெரிகிற மெயிலுக்கு மூன்றரைப் புள்ளி போடும், நல்லது என்று உறுதியானால் 1.9 கழிக்கும். டிஎன்எஸ் சரியானதும் மெயிலுக்குள் இருக்கும் வலை இணைப்புகளை (லிங்க்) சோதிக்கும் யூரிபிஎல் போன்ற பட்டியல்களும் பதில் சொல்ல ஆரம்பிக்கும். உங்கள் கடன் மெயில்களின் ஹெடரில் 'யூரிபிஎல் தடுக்கப்பட்டது' என்று 0.001 புள்ளியோடு ஒரு வரி வருகிறது அல்லவா, அதுவும் இதே டிஎன்எஸ் நோய்தான். ரவுட்டர் அனுப்பும் கேள்விகளும் ஊரோடு சேர்ந்து ஒரே ரிசால்வரில் போய்க் குவிவதால், யூரிபிஎல் விஷயத்தில் உங்களுக்குப் பகலிலும் இது நடக்கிறது. அன்பவுண்ட் போட்டதும் அந்த வரி மறைந்துவிட வேண்டும். அமைப்புக் கோப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்பாம் அசாசினின் 'லிண்ட்' சோதனையை ஓட்டுங்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

கிரேலிஸ்டிங் வேண்டாம். தெரியாத ஆள் முதல் தடவை வந்தால் 'அப்புறம் வா' என்று திருப்பி அனுப்புவதுதான் அது. ஒரு காலத்தில் நல்ல ஆயுதம். வீட்டில் இப்போது மெயிலில் வருவதில் பாதி ஓடிபி. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபியை அரை மணி கழித்து வாங்கி என்ன செய்ய? பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு வேறு ஐபியிலிருந்து வருவதால், திரும்ப வந்தவரையும் புது ஆள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பும் கூத்தும் நடக்கும்.

கடைசியாக, அந்த 23 மெயில்கள். அவை 554 வாங்கிக்கொண்டு போனவை, சாஃப்ட் பவுன்ஸ் இப்போது போட்டாலும் திரும்ப வராது. ஆனால் ஒவ்வொரு மறுப்பு வரியிலும் அனுப்புநர், பெறுநர் இரண்டு முகவரியும் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு வெறும் விளம்பரம், ஒன்பது நிஜமானவை. அந்த ஒன்பதில் இரண்டு பேத்தியின் கல்லூரியிலிருந்து, இரண்டாவது போன வியாழக்கிழமை இரவு 9.17-க்கு வந்திருக்கிறது. அதில் ஏதாவது கடைசித் தேதி இருந்திருக்கலாம். சர்வரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காலையில் அலுவலகம் திறந்ததும் முதலில் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.